கயிற்றுப் பாட்டுக்கு மறுகுரல்

கிராம சேவகர் லட்சுமிகாந்தம் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே சேதியைச் சொன்னார்.

"அண்ணே, திருநெல்வேலி ரேடியோவுல ஒங்களக் கூப்பிட்டிருக்காக. சித்திரையில வந்து பாடணுமாம். மலைக்கதை ஒண்ணு, மலைப்பாட்டு நாலஞ்சு. அதுல அந்தக் கயித்துப் பாட்டு கட்டாயம் இருக்கணும்னு சொல்லி விட்டிருக்காக."

பங்குனி வெயில் வெம்பக்கோட்டைத் தெருவில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. கருப்பணன் வேப்பமர நிழலில் உட்கார்ந்து உடுக்கைக்குப் புதுத்தோல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி செல்லத்தாய் தீப்பெட்டிக் குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ என்றதும் நிமிர்ந்த அவள் முகம், கயிற்றுப் பாட்டு என்றதும் மறுபடி குனிந்துகொண்டது.

"வேற பாட்டுக் கேக்கச் சொல்லுங்க தம்பி," என்றார் கருப்பணன். "கரடிப் பாட்டு இருக்கு. ஓடை பொறந்த கதை இருக்கு. தொண்டை தேயுற வரைக்கும் பாடுதேன்."

"அவுக அதைத்தானே குறிச்சுக் கேக்காக. நீங்களும் ஒங்க மச்சினரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்துல பாடுனத ரேடியோக்காரர் ஒருத்தர் கேட்டிருக்காரு. ஒரு கொரல் பாதாளத்துல, ஒரு கொரல் மேகத்துல கேட்ட மாதிரி இருந்துச்சுன்னு இன்னமும் சொல்லிக்கிட்டு இருக்காராம். ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. ரேடியோவுல வந்துட்டா அப்புறம் ஒங்களப் பிடிக்க முடியுமா?"

லட்சுமிகாந்தம் இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். அவருக்கு எதுவும் தெரியாது. சிரித்துக்கொண்டே பெடலை மிதித்துப் போய்விட்டார்.

கருப்பணன் தோலை இழுத்த வேகத்தில் வார் அறுந்தது. அறுந்த வாரை எடுத்துப் பார்த்துவிட்டுத் தூர எறிந்தார். செல்லத்தாய் அடுத்த சட்டத்தை எடுத்துக்கொண்டாள். குச்சி அடுக்குகிற கைக்குப் பேச்சு வேண்டியதில்லை.

கருப்பணன் பிறந்தது மேற்கே மலையடிவாரத்தில். அப்பனும் பாட்டனும் பாறைத் தேன் எடுத்தவர்கள். அவருக்கு மீசை அரும்பி, கல்யாணம் ஆகி, தேனுக்கு முதல் கயிறும் இறங்கிய சமயத்தில் இரண்டு வருஷம் தொடர்ந்து மலையில் மழை இல்லை. மழை இல்லையென்றால் பூ இல்லை. பூ இல்லையென்றால் தேனீ இல்லை. குடும்பங்கள் கூடையும் அரிவாளுமாகக் கரிசலுக்கு இறங்கின. கம்பங்கதிர் அடிக்கக் கூலிக்கு வந்த இடத்தில், அலுப்புத் தெரியாமல் இருக்க அவர் மலைப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். களத்தில் இருந்த அத்தனை பேரும் கதிரைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்கள்.

கரிசல்காட்டுக்காரனுக்கு மலை என்பது மேற்கே நீலமாகத் தெரிகிற ஒரு கோடு. அங்கே மேகம் கட்டினால் சிரிப்பான். கட்டாவிட்டால் வானத்தை ஏசுவான். அந்தக் கோட்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. கருப்பணன் சொன்னார். மேகம் எந்தப் பாறையில் வந்து படுக்கும், ஓடை எந்தக் கரடியின் குகைக்குள்ளிருந்து நூலாகப் புறப்படும், வைப்பாற்றுக்கு வருகிற தண்ணீர் எந்தெந்த மரத்தின் வேரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வரும் என்றெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது என்றார்கள். களத்துமேடு, பிறகு கோயில் பொங்கல், பிறகு பள்ளிக்கூடத்து விழா என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒவ்வொரு தையிலும் மலைக்குப் போய்ச் சொந்தக்காரர்களோடு சில வாரம் தங்கி, புதிதாகக் கேட்டதை மடியில் கட்டிக்கொண்டு வருவார். மலையிலிருப்பவர்களும் அவரைப் பிடித்துவைத்து, "நம்ம பாட்டு கீழ எப்படி இருக்கு? சொகமா இருக்கா?" என்று, கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார்கள்.

மற்றதெல்லாம் கதை. கயிற்றுப் பாட்டு கதை இல்லை; அது வேலை.

தேன் எடுப்பவன் கொடிக்கயிற்றில் பாறைக்குக் கீழே இறங்குவான். மேலே கயிற்றைப் பிடிப்பவன் அவன் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் பங்கு இருக்கிறது, பாகம் இருக்கிறது. கை ஒரு கணம் யோசித்துவிடும். மச்சினன் கை யோசிக்காது. விட்டால் அறுபடுவது அவன் உடன்பிறந்தவளின் தாலி. பாறை விளிம்புக்குக் கீழே போய்விட்டவனை மேலே இருப்பவனால் பார்க்க முடியாது. குரல்தான் கண். கீழிருந்து கேள்வி வரும்.

எட்டாத பாறையில எறங்கிட்டேன் மச்சினனே,
ஏன்னு கேக்க ஆளிருக்கா எனக்கு?

மேலிருந்து பதில் போகும்.

அக்கா கழுத்துக் கயிறு அறுகாமக் காக்கும் கை,
ஆளிருக்கேன், ஆளிருக்கேன், எறங்கு.

மேடையில் கருப்பணன் கேள்வி பாடுவார். செல்லத்தாயின் தம்பி பெத்தணன் கூட்டத்துக்குப் பின்னால், மரத்திலோ கூரையிலோ ஏறி உட்கார்ந்துகொண்டு பதில் பாடுவான். சனம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். மலையில் நிஜமாகவே கருப்பணன் இறங்கியபோது, வயது பதினாறுகூட நிறையாத பெத்தணன்தான் கயிறு பிடித்தவன்.

அந்தப் பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. இரண்டு குரலையும் ஒரே ஆள் பாடக் கூடாது. கயிறு பிடித்தவன் செத்துப்போனால் மட்டும், இறங்கியவன் அவன் குழிமேட்டில் நின்று, கேள்வியையும் பதிலையும் தானே பாடுவான். பாடி முடித்துக் கயிற்றை எரித்துவிடுவான்.

போன புரட்டாசியில் திருத்தங்கலில் ஓர் அம்மன் கோயில் பொங்கல். பெத்தணனுக்கு அச்சங்குளத்தில் ஒரு வெடிக் கம்பெனியில் திரி போடுகிற வேலை. தீபாவளி சீசன். வடக்கேயிருந்து வந்த ஆர்டருக்கு லோடு ஏற்றி முடிக்காமல் யாரையும் மேஸ்திரி வெளியே விடவில்லை. பெத்தணன் அந்த லோடு லாரியிலேயே தொற்றிக்கொண்டு சிவகாசி வந்து, அங்கிருந்து திருத்தங்கலுக்கு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தான்.

மேடையில் கருப்பணன் கேள்வியைப் பாடிவிட்டுப் பதிலுக்கு நின்றார். பதில் வரவில்லை. மறுபடி பாடினார். கூட்டம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. மேடைக்காரனுக்குக் கூட்டம் அமைதியாக இருப்பது பயமில்லை. தான் அமைதியாக இருப்பதுதான் பயம். கருப்பணன் தொண்டையைச் சுருக்கி, பெத்தணன் குரலிலேயே பதிலையும் பாடினார். சனம் கை தட்டியது. அடுத்த கேள்வி, அடுத்த பதில், முழுப் பாட்டையும் அவரே பாடினார். கீழே இருப்பவர்களுக்கு மலைச் சட்டம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

குழாய் ஒலிபெருக்கியில் அது கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டது. கரையில் வந்துகொண்டிருந்த பெத்தணன் தன்னைப் புதைக்கிற பாட்டை நின்று கேட்டான். பிறகு வந்த வழியே திரும்பிப் போனான்.

தீபாவளிக்கு வரவில்லை. தைப் பொங்கலுக்கு அக்காளுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுவரவில்லை. சந்தைக்கு வந்த ஒருத்தர் மூலம் ஒரே ஒரு சொல் வந்தது: "செத்தவனுக்கு அங்கன என்ன சோலி?"

கருப்பணன் அதன் பிறகு கயிற்றுப் பாட்டைப் பாடவில்லை. போய்க் கூப்பிடவும் இல்லை. "நான் வேணும்னா பாடுனேன்?" என்பார். அதைச் செல்லத்தாயிடம்தான் சொல்வார். சொல்ல வேண்டியவனிடம் சொல்லவில்லை. பாட்டு நின்றால் இன்னொரு பாட்டு வரும். ஆனால் அந்தப் பாட்டில் கயிறு கட்டிய கழுத்து செல்லத்தாயின் கழுத்து. ஒரு முனையில் புருஷன், மறுமுனையில் தம்பி. இரண்டு பேரும் வாய் மூடிக்கொண்ட பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரேடியோ சேதி வந்த மறுவாரம், அடுக்கிய சட்டங்களை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பும் குதிரைவாலிச் சோறும் எடுத்துக்கொண்டு அச்சங்குளத்துக்கு நடந்தாள். பருத்திக்காடு வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் ஓணான் எட்டிப் பார்த்தது. தூரத்தில் கம்பெனிக் கூடங்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளப் பயந்தவை போலத் தள்ளித் தள்ளி நின்றன.

பெத்தணனின் மனைவி வெள்ளைத்தாய் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். அவள் கருப்பணனின் தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம்; செல்லத்தாய் கருப்பணனுக்குப் போன அன்றே, அதே பந்தலில், சிறுபெண்ணாயிருந்த வெள்ளைத்தாய் பெத்தணனுக்கு என்று வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

"வாங்க மதினி. இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்."

"வழி எனக்குத் தெரியும். ஒம் புருசனுக்குத்தான் மறந்துபோச்சு."

"செத்தவுக நடப்பாகளா மதினி?" வெள்ளைத்தாய் சிரிக்காமல் பின்னலை இறுக்கினாள். "உள்ளதான் கெடக்கு பொணம். காலையில ஒரு சட்டிக் கூழு குடிச்சுச்சு."

"ஏளா, வாய மூடுறியா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"பாத்தீகளா, பேசுது."

பெத்தணன் வெளியே வந்தான். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தான். அக்காளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். இளைத்திருந்தான். செல்லத்தாய் தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். கருவாட்டு வாசம் அவன் மூக்குக்கு எட்டியது. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இடது கையால் பிசையத் தொடங்கினான்.

"ஏலே, எடக்கையால திங்கிய? என்னலே கையில?"

வெள்ளைத்தாய்தான் எழுந்து வந்து துண்டை அவிழ்த்தாள். உள்ளங்கைத் தோல் சுருங்கி, வெந்த இலைபோல் பளபளத்தது. இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன.

"மார்கழியில," என்றான் பெத்தணன். "காயப்போட்ட திரியில பொறி பட்டுருச்சு. பக்கத்துக் கூடத்துல பொம்பளப் பிள்ளைக இருந்துச்சுக. கையால தட்டி அணைச்சேன். வேற ஒண்ணுமில்ல."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேலே."

"செத்தவன் என்னக்கா சொல்லுவான்?"

செல்லத்தாய் அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழுதாள். வெள்ளைத்தாய் மறுபடி பின்னலுக்கு உட்கார்ந்தாள். ஆனால் அவள் விரல்களும் வேகம் குறைந்தன.

கொஞ்சம் ஆறியதும் செல்லத்தாய் ரேடியோ சேதியைச் சொன்னாள். பெத்தணன் கடைசிச் சோற்றை வாயில் போட்டு, தட்டை வழித்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினான்.

"மச்சான் மேல கோவம் இருந்துச்சு. இல்லங்கல. இப்ப கோவம்கூட இல்லக்கா. கயிறு பிடிக்கிற கைதான் பதில் பாடணும். இந்தக் கை ஒரு வாளிய இறைக்காது. வெறுந்தொண்டையால ஆளிருக்கேன், ஆளிருக்கேன்னு நான் பாடுனா, அது பொய்யி. அம்புட்டு ஊருக்கும் கேக்குற மாதிரி பொய் பாடச் சொல்லுதியா?"

"மேடையில நிசமாவா கயிறு பிடிச்ச?"

"பிடிக்க முடியும்ல அப்ப. இப்ப முடியாது."

செல்லத்தாய் வெறுந்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளும் அந்த மலையில் பிறந்தவள்தான்.

"நான் ஒண்ணு கேக்கேன்," என்றாள் வெள்ளைத்தாய், பின்னலைப் பார்த்துக்கொண்டே. "எங்கண்ணன் ஒங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சான்."

"எப்படி மச்சான்?"

"அக்கா புருசன்."

"அம்புட்டுத்தானா?"

பெத்தணன் விழித்தான்.

"நான் யாரு? காட்டுல கெடச்சவளா? ஒங்க பொண்டாட்டிகூடப் பொறந்தவுக யாரு?" அவள் சரத்தைக் கீழே வைத்தாள். "மதினி தாலிக்கு நீங்க காவல் இருந்தீக. சரி. என் தாலிக்கு யாரு காவல்? இத்தன வருசமா பாடுதீகளே, அந்தப் பாட்டுல எங்கனயாச்சும் நான் இருக்கேனா? ஒங்களுக்குக் கை இல்லன்னா எங்கண்ணன் பிடிக்கட்டும். நீங்க எறங்குங்க. எறங்குறதுக்கு இடுப்பு போதும்ல?"

அத்தனை வருஷமும் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்ததை யாரும் குனிந்து எடுக்கவில்லை என்று செல்லத்தாய்க்குத் தோன்றியது. கருப்பணன் பெரியவர், பாட்டுக்காரர். அவர்தான் இறங்குவார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

"அவுக பிடிப்பாகளா?" என்றான் பெத்தணன், துண்டைக் கையில் மறுபடி சுற்றிக்கொண்டே.

"பிடிக்காம," என்றாள் செல்லத்தாய்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கருப்பணன் முதலில் கை வெந்த சேதிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மற்றதைக் கேட்டதும் எழுந்து நின்றார்.

"நான் மேல நின்னு ஆமா போடுறதா? அதுவும் ரேடியோவுல?"

"அவன் இம்புட்டு வருசமா ஆமாதான போட்டான்."

"கேள்வியிலதான் ராகமே இருக்கு. பதில்ல என்ன இருக்கு? ரெண்டு அடி."

"அந்த ரெண்டு அடி இல்லாமத்தான் திருத்தங்கல்ல தவிச்சீக."

கம்பங்கூழைக் கரைத்து வைத்தாள்; கருப்பணன் குடிக்கவில்லை. சாயங்காலம் வரை மேற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில், "சும்மா பாட்டுப் பாடுனா அவன் நம்பமாட்டான்," என்றார். "மலைக்குப் போகணும். நெசமா ஒரு கயிறு எறங்கணும். என் கையில அவன் ஒரு தடவ தொங்கணும். இல்லன்னா எனக்கே தொண்டை திறக்காது."

மலைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வேம்பு பூத்திருந்தது. மலைத்தேனீ கீழே இறங்கியிருந்தது. பருத்திக்காட்டுச் சுந்தரபாண்டியின் கிணற்றில், மாடு கட்டி இறைக்கும் கமலையின் கல்லுக்கு அடியில், முறம் அகலத்துக்கு ஒரு தேன்கூடு தொங்கியது. கமலை இழுக்கப் போன மாடுகளை ஈக்கள் கொட்டிவிட்டன. மாடுகள் வடத்தை அறுத்துக்கொண்டு ஓடின. தண்ணீர் இறைக்க ஆள் போக முடியாமல் பருத்தி வாடிக்கொண்டிருந்தது. தேனெடுத்த குடும்பம் என்று தெரிந்து சுந்தரபாண்டியே கருப்பணன் வீட்டுக்கு வந்தார்.

"கருப்பணா, ஒம் மலை எம் கெணத்துல வந்து குடியேறிருச்சுப்பா. வந்து கூட்டிட்டுப் போ."

"கூட்டிட்டுப் போறேன்யா. ஒரு ஆள் வரணும்," என்றார் கருப்பணன்.

கம்பெனிக்கு லீவு விட்ட நாளில், பொழுது அடைகிற நேரத்துக்குப் பெத்தணனும் வெள்ளைத்தாயும் வந்தார்கள். கிணறு பழைய காலத்துக் கல்கட்டு. வறண்ட கோடையில் தண்ணீர் அடியில் ஒரு கண்ணாடித்துண்டுபோல் கிடந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். புதுக் கமலை வடத்தைக் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைப் பெத்தணன் இடுப்பில் கருப்பணனே கட்டினார். முடிச்சை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார்.

"இறுக்கமா இருக்கா மாப்ளே?"

பெத்தணன் வெள்ளைத்தாயைப் பார்த்து, "இருக்குன்னு சொல்லு," என்றான்.

"நான் என்ன தபால்காரியா? ஒங்க வாயிலதான் சொல்லுங்க."

பெத்தணன் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டான். பச்சை வேப்பிலையைச் சுற்றிக் கட்டிய பந்தத்தை இடது கையில் வாங்கிக்கொண்டான். கத்தியையும் கூடையையும் தோளில் மாட்டிக்கொண்டான். வலது முழங்கையை வடத்தில் கொடுத்து, கிணற்று விளிம்பில் உட்கார்ந்து, சறுக்கி, மறைந்தான்.

வடம் விறைத்தது. கருப்பணன் முழங்கால் வலியில் ஒருமுறை முனகிவிட்டுக் கால்களை அகற்றி ஊன்றிக்கொண்டார். கிணற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டார். புகை மேலே வந்தது. பிறகு கல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது.

எட்டாத பாறையில எறங்கிட்டேன் மச்சானே,
ஏன்னு கேக்க ஆளிருக்கா எனக்கு?

பெத்தணன் கேள்வி பாடி யாரும் கேட்டதில்லை. மெல்லிய குரல், ஆனால் கிணறு அதை உருண்டையாக்கி மேலே அனுப்பியது. கருப்பணன் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா கழுத்து..." என்று தொடங்கி, நிறுத்தினார். அக்கா இல்லை. இத்தனை வருஷம் பாடி மெழுகிய வரியில் முதல்முறையாக ஒரு சொல்லைத் தேடினார்.

தங்கச்சி கழுத்துக் கயிறு அறுகாமக் காக்கும் கை,
ஆளிருக்கேன், ஆளிருக்கேன், எறங்கு.

செல்லத்தாய்க்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது கேள்வி வந்தது, பதில் போனது. கிணற்றுக்குள் ஈக்கள் இரையத் தொடங்கின. முதலில் தூரத்து லாரிபோல, பிறகு பக்கத்தில். கரும்புகையோடு ஈக்கள் மேலே வந்து சிதறின. தள்ளி நின்றவர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள்.

மூன்றாவது கேள்வி வரவில்லை.

வடம் அசையாமல் நின்றது. இரைச்சல் மட்டும் இருந்தது.

"என்னப்பா சத்தத்தக் காணோம்?" என்றார் சுந்தரபாண்டி சாக்குக்குள்ளிருந்து. "இழுத்துருவமா?"

"இழுக்கக் கூடாது. கூட்டுக்கு நேரா இருந்தான்னா மோதிருவான்."

செல்லத்தாய் கிணற்றைப் பார்க்கவில்லை. புருஷன் வாயைப் பார்த்தாள். அந்த வாயை அவளுக்குத் தெரியும். எந்த மேடையிலும் அது ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்ததில்லை. கூட்டம் காத்திருக்கிறது, பாட்டு பாதியில் நிற்கிறது. உதடுகள் பிரிந்தன. மூன்றாவது கேள்வி அவர் நாக்குநுனியில் வந்து நிற்பது அவளுக்கே தெரிந்தது. அதைப் பாடிவிட்டால் முடிந்தது. கீழே உயிரோடு இருக்கிறவனை இன்னொரு தடவை புதைத்ததாகும்.

கருப்பணன் வாயை மூடினார். பல்லைக் கடித்துக்கொண்டார். வடத்தை உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். ஒரு ஈ வந்து கண்ணிமையில் உட்கார்ந்து கொட்டியது. இமை வீங்கியது. கையை எடுக்கவில்லை. கண்ணீரா வேர்வையா என்று தெரியாமல் மீசையில் வழிந்தது. அப்படியே நின்றார்.

கீழே யாரோ இருமினார்கள். பிறகு குரல் வந்தது; பாதி பாட்டு, பாதி பேச்சு.

கண்ணுல புகையடிச்சுக் கல்லும் தெரியலையே,
கயிறு மட்டும் தெரியுது மச்சானே, இருக்கீகளா?

புரட்டாசிக்குப் பிறகு அவன் தன் சொந்த வார்த்தையில் அவரைக் கேட்ட முதல் கேள்வி அது. பழைய பாட்டில் அந்த வரி கிடையாது.

"ஆளிருக்கேன்," என்றார் கருப்பணன். மேடைக் குரல் எங்கோ போய்விட்டது. ராகமும் இல்லை. "ஆளிருக்கேன்லே. ஆளிருக்கேன்."

கூடை நிறையத் தேனடையோடு பெத்தணன் மேலே வந்தபோது முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. கருப்பணனின் ஒரு கண் மூடிவிட்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெள்ளைத்தாய்தான் முதலில் சிரித்தாள்.

"கயித்த இம்புட்டு இறுக்கியா பிடிப்பாக?" என்று பெத்தணன் இடுப்பைத் தடவினான். "இடுப்பு அந்துபோச்சு."

"விட்டா செத்துப்போனேம்பே. பிடிச்சா இடுப்புங்கே. ஒனக்கு எப்படித்தான் பாடுறது?"

"நான் பாடுனது எப்படி இருந்துச்சு?"

கருப்பணன் கொஞ்சம் யோசித்தார். "இழுவை அதிகம். திருநெல்வேலி போறதுக்குள்ள சரி பண்ணிரலாம்."

செல்லத்தாய் ஒரு துண்டு அடையைப் பிய்த்துத் தம்பி வாயில் வைத்தாள். இன்னொரு துண்டைப் புருஷன் வாயில் வைத்தாள். மிச்சத்தைச் சுந்தரபாண்டி எல்லாருக்கும் பங்கு வைத்தார்.

சித்திரையில் இரண்டு பேரும் திருநெல்வேலிக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். கருப்பணன் அந்த அறையைப் பற்றி வாரக்கணக்கில் பேசினார். சுவரெல்லாம் மெத்தை, பாடினால் குரல் திரும்பி வராது, அதனால் பெத்தணனை வராந்தாவில் நிறுத்திக் கதவைத் திறந்துவைத்துப் பாடவிட்டார்களாம். மூன்றாவது கேள்விக்கு முன்னால் விட்ட இடைவெளியைக் குறைக்க முடியுமா என்று அங்கிருந்த அதிகாரி பணிவாகக் கேட்டாராம். ரேடியோவில் சத்தம் நின்றால் கேட்பவர்கள் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள் என்றாராம். "பாறைக்குக் கீழ ஆள் இருக்கான்யா. அவன் வாயத் திறக்கிற வரைக்கும் நம்ம காத்துக்கிடக்கத்தான் வேணும்," என்றாராம் இவர். அதிகாரி சிரித்துவிட்டு, சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாராம்.

அது ஒலிபரப்பான அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஊரில் இல்லை. சாத்தூர்ப் பக்கம் ஒரு பொங்கலுக்குப் பாடப் போயிருந்தார்கள். வெள்ளைத்தாய் அச்சங்குளத்திலிருந்து வந்திருந்தாள். பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. லட்சுமிகாந்தம் பெட்டிக்குப் பக்கத்தில், அது தன் சொந்தப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். செல்லத்தாய் மடியில் காராச்சேவுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

பெத்தணன் கேள்வி பாடினான். கருப்பணன் பதில் பாடினார். "தங்கச்சி கழுத்து" என்று வந்தபோது சில பெண்கள் திரும்பி வெள்ளைத்தாயைப் பார்த்தார்கள். அவள் தலையை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது கேள்வி போனது, பதில் வந்தது.

பிறகு பெட்டி பேசவில்லை.

பின்னால் ஒரு பிள்ளை சிணுங்கியது. அதன் தாய் வாயைப் பொத்தினாள். சுந்தரபாண்டி முன்னால் குனிந்து, "பேட்டரி தீந்துபோச்சாய்யா?" என்றார். லட்சுமிகாந்தம் பதறிப்போய்த் திருகைத் தொடக் கையை நீட்டினார்.

"தொடாதீக," என்றாள் செல்லத்தாய்.

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. லட்சுமிகாந்தத்தின் கை பாதியில் நின்றது. பிள்ளைகள், ஆடு ஓட்டி வந்தவர்கள், கூலி முடித்து வெடிமருந்துக் கையோடு வந்தவர்கள், எல்லாரும் சத்தமில்லாத அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத்தாய் மதினியின் கையைப் பிடித்தாள்.

பெட்டிக்குள் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.